புற்றுநோய் வேஷம் போடும் கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: பத்து வயதுப் பையன், கன்னத்தில் கட்டி. எஃப்.என்.ஏ.சி.யில் (நுண்ணூசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை) சின்னச் சின்ன நீலச் செல்கள் கொத்துக் கொத்தாக. ஸ்மால் ரவுண்ட் செல் ட்யூமர், அதாவது சிறு உருண்டைச் செல் புற்றுநோய், என்று எழுதிவிடலாமா?

பதில்: பேனாவைக் கீழே வையுங்கள். கட்டி கல் மாதிரி இருக்கிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் முதலில் பிலோமேட்ரிகோமாவைத் தேடுங்கள். மயிர்க்காலிலிருந்து வரும் சாதுவான கட்டி. அதன் பேசலாய்டு செல்களில், அதாவது அந்தச் சின்ன நீலச் செல்களில், நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் இருக்கும் புள்ளி) தெரியும், மைட்டோசிஸ்கூட (செல் பிரியும் நிலை) கிடைக்கும். ஆளைக் கவிழ்ப்பது அதுதான். ஸ்லைடின் ஓரம்வரை போங்கள். உட்கரு இருந்த இடம் வெளிறி, எல்லைக்கோடு மட்டும் மிஞ்சிய செல்கள் தகடு தகடாகக் கிடக்கும். அவைதான் கோஸ்ட் செல்கள். கூடவே ஜயன்ட் செல் (பல உட்கரு கொண்ட பெரிய செல்), கால்சியத் துணுக்கு. ஊசி செல் நிறைந்த பகுதியில் மட்டும் பட்டிருந்தால் கோஸ்ட் செல் வராமலும் போகும். பயிற்சிக் காலத்தில் நான் ஏமாந்தது அப்படித்தான்.

கேள்வி: படம் இணைத்திருக்கிறேன். இது என்ன?

பதில்: வயது, இடம், எத்தனை நாளாக? படத்துக்கு மட்டும் பெயர் வைக்க மாட்டேன்.

கேள்வி: மார்பகக் கட்டி, மேமோகிராமில் முள்முள்ளாக. ஸ்லைடில் துகள் நிறைந்த செல்கள்.

பதில்: உட்கரு சிறிதாக, உருண்டையாக இருந்து, செல் உடைந்து பின்னணியெல்லாம் மணல் தூவியது போலிருந்தால் கிரானுலார் செல் ட்யூமரை நினையுங்கள், பெரும்பாலும் சாதுவான கட்டி அது. எஸ்-100 என்ற புரதத்துக்கான சாயம் பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது, சில கார்சினோமாவும் (எபிதீலியப் புற்றுநோய்) அதை ஏற்கும். கார்சினோமாவில் வழக்கமாக ஏறும் சைட்டோகெரட்டின் சாயம் நெகட்டிவா என்றும் பாருங்கள்.

கேள்வி: தைராய்டுச் செல்லின் உட்கருவில் பள்ளமும் இன்க்ளூஷனும் (உட்கருவுக்குள் செருகியது போன்ற உருண்டை) இருந்தால் பாப்பில்லரி கார்சினோமா என்ற தைராய்டு புற்றுநோய்தானே?

பதில்: பெரும்பாலும். ஆனால் ஹையலைனைசிங் ட்ராபெகுலர் ட்யூமர் என்ற, பெரும்பாலும் சாதுவான தைராய்டு கட்டியிலும் இரண்டும் தாராளமாக வரும். செல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு ஹையலைன் (கண்ணாடி போன்ற) பொருள் இருக்கிறதா?

கேள்வி: ஐயா, மறுக்கிறேன். சைட்டாலஜியில், அதாவது ஊசியில் வந்த செல்களை வைத்து, அதை உறுதியாகச் சொல்ல முடியாது. 'புற்றுநோய்ச் சந்தேகம்' என்று போட்டு அனுப்புவதுதான் நேர்மை.

பதில்: உறுதியாகச் சொல்லச் சொன்னேனா? 'இதுவும் இருக்கலாம்' என்ற ஒரு வரி போதும். முழுத் தைராய்டையும் எடுப்பதா, ஒரு பக்கம் போதுமா என்று சர்ஜன் யோசிப்பார். செல் பிளாக்கில் (உறிஞ்சிய செல்களை மெழுகில் பதித்த கட்டை) எம்.ஐ.பி.-1 சாயம் செல்லின் சவ்வில் ஏறினால் இந்தக் கட்டிக்கு நல்ல துப்பு. ஆனால் அறை வெப்பநிலையில் சாயமிட வேண்டும். ஜி.எல்.ஐ.எஸ். மரபணு இன்னொன்றோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஃப்யூஷன் சோதனையும் உண்டு. நீங்கள் 'சந்தேகம்' எழுதுங்கள், கீழே அந்த வரியையும் எழுதுங்கள்.

கேள்வி: இந்தப் படத்தில்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: வயது 30, முன்கை, மூன்று வாரத்தில் வளர்ந்தது. ஸ்பிண்டில் (கதிர் வடிவ) செல்கள், மைட்டோசிஸ் நிறைய. சார்கோமாவா (மென்திசுப் புற்றுநோய்)?

பதில்: அப்பாடா, ஒருவராவது எல்லாம் எழுதினார்! மைட்டோசிஸ் கோணல்மாணலாக இல்லை, பின்னணி மிக்ஸாய்டு (கொழகொழப்பான பொருள்) என்றால் நாடுலர் ஃபேஷியைட்டிஸ் என்ற சாதுவான கட்டியாக இருக்கலாம். யு.எஸ்.பி.6 மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். சில வாரத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நாடுலர் ஃபேஷியைட்டிஸ் பெரும்பாலும் தானாகவே சுருங்கும்.