முதல் அடி கதவுக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பின்னணி இசையைப் பற்றி எழுதிய கட்டுரையில், ‘த போலீஸ்’ ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் சினிமாவுக்கும் இசையமைத்தார் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை.

என் மகனுக்கு 23 வயது. பொறியியல் முடித்துவிட்டு ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். கல்லூரி விழாக்களில் வாசித்துக் கிடைப்பது பெட்ரோலுக்கே சரியாகப் போய்விடுகிறது. இப்போது ஓர் இசையமைப்பாளர் ஒரு படத்தின் பின்னணி இசைக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார். குழுவின் மற்ற மூன்று பையன்களும் “சினிமாவுக்குப் போனால் ராக் முடிந்தது” என்கிறார்கள். என் கணவர் “ராக் எப்போது ஆரம்பித்தது, முடிவதற்கு?” என்கிறார். மகனுக்குப் போகவும் பயம், விடவும் மனமில்லை. என்றைக்காவது தானே படத்துக்கு இசையமைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. தாளம் மட்டும் தெரிந்தவன் இசையமைப்பாளர் ஆக முடியுமா? நான் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் கணவர் கேட்டதைப் போல ஒரு வரி என் கட்டுரை முழுவதிலும் இல்லை. ஆனால் பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கக்கூடாத கேள்வி அது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் நடனத்துக்கு டிரம்ஸ் முழங்கிய பேட்டை. அவர் அந்தப் பக்கம் சைக்கிளில் போயிருப்பார், காது கொடுத்திருக்க மாட்டார்.

கோப்லாண்டை ஒரு வரியில் கடந்தது என் தவறுதான். அவர் 1952இல் அமெரிக்காவில் பிறந்தவர். தந்தை சிஐஏ அதிகாரி என்பதால் பிள்ளைப் பருவம் கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் கழிந்தது. 1977இல் லண்டனில் ‘த போலீஸ்’ குழுவைத் தொடங்கியவர் அவர்தான். பாடகர் ஸ்டிங்கின் புகழில் அது பலருக்கு மறந்துவிட்டது. ராக் டிரம்ஸின் பாலபாடம் இது: நான்கு அடிகளில் முதல் அடியில் பேஸ் என்ற பெரிய டிரம்மைக் காலால் மிதிப்பது, இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மைக் குச்சியால் அறைவது. ஜமைக்காவின் ரெகே இசையில் முதல் அடி பெரும்பாலும் காலி, மூன்றாவதில்தான் கனம் விழும். அந்தக் காலியிடத்தைக் கோப்லாண்ட் ராக்குக்குள் கொண்டுவந்தார். மார்கழிக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில் கை விழுந்து, பாடகர் அரை இடம் தள்ளி எடுப்பாரே, அந்த அரை இடத்தில் சபாவில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ராக் ரசிகர்கள் புரட்சி என்று கொண்டாடியதைக் கேட்டு மயிலாப்பூரில் தொடை தட்டும் மாமா ஒருவர் சிரித்திருப்பார்.

1983இல் அந்தக் குழு புகழின் உச்சியில் இருந்தது. அதே ஆண்டு வெளிவந்தது இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் ‘ரம்பிள் ஃபிஷ்’. கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காவின் டல்சா நகரத்துத் தெருக்களில் அண்ணனைப் போல ஆக நினைத்துக் கெட்டுப்போகும் ஒரு தம்பி. எங்கு பார்த்தாலும் கடிகாரங்கள். நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் தாளத்தாலேயே சொல்ல வேண்டும் என்று கொப்போலாவுக்கு ஆசை. முதலில் தானே செய்துபார்க்கத் தொடங்கினார். சரிப்படவில்லை. கோப்லாண்டைக் கூப்பிட்டு, தாளத்தை மட்டும் வாசித்துத் தரும்படி கேட்டார். வாசித்ததைக் கேட்டதும் மொத்தப் படத்தின் இசையையும் அவரிடமே விட்டுவிட்டார். கோப்லாண்ட் அந்த ஊரின் தெருச் சத்தங்களையும் இசைக்குள் கலந்தார். படத்தின் அசைவுக்கேற்ப இசையின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார். கோல்டன் குளோப் பரிந்துரைப் பட்டியல் வரை போன இசை அது.

நீங்கள் கணக்குப் பார்த்தவர் என்பதால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் வாசித்தால் ஓர் அடிக்கு 24 ஃபிரேம், 120 என்றால் 12, 96 என்றால் 15. கதாநாயகி திரும்பிப் பார்ப்பதும் கத்தி விழுவதும் ஏதோ ஒரு ஃபிரேமில்தான் நடக்கின்றன. காதில் வேகத்தை எண்ணிக் காட்டும் கிளிக் சத்தத்தை மாட்டிக்கொண்டு, அந்த ஃபிரேமுக்கு எத்தனை அடி தூரம் என்று உடம்பாலேயே அளக்கத் தெரிந்தவன் தாளக்காரன். மெட்டுப் போடுபவர்கள் இதைப் பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மகன் பாதிப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

மீதிப் பாதி கடினமானது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நண்பர் ஒருவருடன் சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருந்தேன். ஆர்.ஆர். என்று சொல்லும் பின்னணி இசைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளை அரைக்கைச் சட்டை. ஸ்னேர் கணகணவென்று அதிகமாக ஒலிக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவர் கால்சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து ஸ்னேரின் ஓரத்தில் வைத்தார். ஒலி அடங்கியது. “பணம் இருந்தால் இன்னும் நன்றாக அடங்கும். இதில் விசிட்டிங் கார்டுதான் இருக்கிறது” என்றார்.

காட்சி இதுதான். அப்பா மகனின் கடிதத்தைப் படிக்கிறார், எழுந்து வெளியே போகிறார், கதவு சாத்துகிறது. அவர் எழுந்ததுமே டிரம்ஸ் தொடங்கும்படி எழுதியிருந்தார்கள். மூன்று டேக் ஆயிற்று. இசையமைப்பாளர் முகத்தில் திருப்தி இல்லை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டி அனுமதி கேட்டார். “முதல் அடி கதவுக்கே இருக்கட்டும் சார். நான் இரண்டிலிருந்து வருகிறேன்.” நான்காவது டேக்கில் அப்பா மௌனமாக நடந்தார், கதவு சாத்தியது, அதற்கடுத்த அடியில் ஸ்னேரின் மேல் கம்பிப் பிரஷ் விழுந்தது. முன் வரிசையில் நோட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த வயலின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படம் ஒரு வாரம்தான் ஓடியது. திரையில் அவர் பெயர் வந்ததா என்று தேடினேன், வரவில்லை. (நம் படங்களில் இப்போது கதவு சாத்துவதற்கு முன்பே எட்டு டிரம் அதிர்கிறது. கதவே ஆடிப்போகிறது. அதைத் தனியாக எழுதிப் புலம்ப வேண்டும்.)

மேடையில் முதல் அடி உங்கள் மகனுடையது. அவன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குச்சியைத் தட்டினால்தான் மற்ற மூவரும் தொடங்குவார்கள். கூடத்தில் அதைக் கதவுக்கும் கண்ணீருக்கும் கொடுத்துவிட்டு இரண்டில் வரத் தெரிய வேண்டும். அதைத்தான் அந்தப் பையன்கள் சரணாகதி என்கிறார்கள் போலிருக்கிறது. கோப்லாண்டுக்கும் ஸ்டிங்குக்கும் இருந்த சண்டை உலகறிந்தது. மூன்றே பேர் கொண்ட அந்தக் குழுவில் மூவரும் ராஜா. சினிமாவில் இயக்குநர் சொன்னால் பாதி இசையைத் தூக்கிப் போட வேண்டும். அப்படியும் கோப்லாண்ட் 1987இல் வந்த ‘வால் ஸ்ட்ரீட்’ உட்படப் படத்துக்கு மேல் படம் செய்தார். தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் என்று எதையும் ஒதுக்கவில்லை. 2007இல் பழைய குழு மறுபடி கூடி ஊர் ஊராகப் போனபோது அதே டிரம்ஸின் பின்னால் போய் உட்கார்ந்தார். ராக் அவரை விட்டு எங்கும் போயிருக்கவில்லை.

ஒரு சுவையான விஷயம். குழுவோடு ஊர் சுற்றிய நாட்களில் கையில் சூப்பர் 8 என்ற சிறிய ஃபிலிம் கேமராவை வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் படம் பிடித்திருக்கிறார். அதைத் தொகுத்து 2006இல் ஓர் ஆவணப்படமாகவே வெளியிட்டார். டிரம்ஸ்காரன் மேடையில் பின்னால் உட்கார்ந்திருப்பவன். மற்றவர்கள் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், அவன் மற்றவர்களின் முதுகையும் சேர்த்துப் பார்க்கிறான். அவன் கையில் கேமரா போனால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

கீபோர்டு தெரியாதே என்கிறீர்கள். தாளத்தை மட்டும் வாசிக்க வந்த கோப்லாண்டின் ஓபரா 1989இல் கிளீவ்லாந்தில் மேடையேறியது. நடுவில் இருந்த ஆறு வருடங்களில் படம் படமாக வேலை பார்த்தார். மெக்சிகோவில் பிறந்த ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் அந்தோனியோ சான்செஸ், 2014இல் வந்த ‘பேர்ட்மேன்’ படத்துக்கு டிரம்ஸை மட்டும் வைத்தே பின்னணி அமைத்தார். படத்தில் பழைய செவ்வியல் இசையும் இருக்கிறது என்று காரணம் காட்டி அதை ஆஸ்கர் போட்டிக்குள் சேர்க்கவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம். நம் ஊரிலேயே டிரம்ஸ் சிவமணி இருக்கிறார். தாளக் கலைஞரின் மகன், எத்தனையோ இசையமைப்பாளர்களுக்கு வாசித்தவர், 2014இல் ‘அரிமா நம்பி’க்கு இசையமைத்தார், 2019இல் பத்மஸ்ரீ. தர்புகா சிவாவின் பெயரிலேயே தாள வாத்தியம் இருக்கிறது. குழுக்களில் வாசித்தவர், ‘கிடாரி’க்கு இசையமைத்தார், நடித்தார், 2022இல் ‘முதல் நீ முடிவும் நீ’யை இயக்கியும்விட்டார். ஆனாலும் உங்கள் மகன் கீபோர்டு கற்றுக்கொள்ளட்டும். தெரியாமலிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். சினிமாவில் டிரம்ஸின் பெரும்பகுதியைக் கணினி வாசிக்கத் தொடங்கி நாளாகிவிட்டது. நான் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரரின் தலைமுறைக்குக் காலை ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட் என்று ஓட்டம் இருந்தது. இன்றைக்கு ஆளை அழைத்து வாசிக்கச் சொல்கிறார்கள் என்றால், கணினியில் கிடைக்காத எதையோ தேடுகிறார்கள் என்று பொருள். அது அடுத்த மாதமும் தேவைப்படும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். கல்லூரி விழாவை விட வேண்டாம். நீண்ட நாள் கணக்காகப் பார்த்தால் இந்தத் தொழில் சில சமயம் விசித்திரமாகத் திரும்பி வரும். ‘த போலீஸ்’ 1980இல் பம்பாயில் வாசித்தது. நாற்பது வருடங்கள் கழித்து, பெங்களூரின் இசையமைப்பாளர் ரிக்கி கேஜுடன் சேர்ந்து கோப்லாண்ட் ‘டிவைன் டைட்ஸ்’ என்ற இசைத் தொகுப்பைச் செய்தார். 2022இல் அதற்கு ஒரு கிராமி, 2023இல் அதே தொகுப்புக்கே வேறு பிரிவில் இன்னொன்று. முதல் விருது வரும்போது அவருக்கு எழுபது நெருங்கியிருந்தது.

அதனால் போகச் சொல்லுங்கள். குச்சிகளோடு பிரஷும் எடுத்துக்கொள்ளட்டும். டிரம்ஸ் வழுக்காமல் இருக்கக் கீழே விரிக்க ஒரு பழைய கம்பளமும் வேண்டும், கூடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். காலையில் வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்புங்கள், வாசிக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். சம்பளம் எவ்வளவு என்று பேசினானா என்பதை மட்டும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவனாகக் கேட்டிருக்க மாட்டான்.