ஜீப் ஓட்டும் எனக்கு ஆயுள் காப்பீடு தேவையா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: வயது 34. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் சொந்த ஜீப். மனைவி ஏலக்காய் எடுக்கும் கூலி வேலைக்குப் போகிறார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. ஜீப் கடன் பாக்கி 4 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 18,000, அதில் மனைவியின் கூலி சராசரியாக 8,000. வருஷம் 25,000 வீதம் 20 வருஷம் கட்டினால் 5 லட்சத்துக்கு பாலிசி, முடிவில் போனஸோடு பணம் திரும்ப வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார். இது தேவையா என்பது கேள்வி.

ஆயுள் காப்பீடு உங்களுக்குக் கட்டாயம் தேவை, தம்பி. ஆனால் அந்த பாலிசி வேண்டாம்.

நான் கம்பத்தில் ஒரு ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிந்த கையோடு பாஸ்புக்கையும் காகிதங்களையும் மஞ்சப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். அதனால் இதை நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். நீங்கள் இல்லாமல் போனால் அடுத்த மாதத்திலிருந்து யாருக்குப் பணம் குறையும், எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு? யாருக்குமே குறையாது என்றால் காப்பீடு வேண்டியதில்லை. கல்யாணம் ஆகாத, கடன் இல்லாத, அப்பா அம்மா பென்ஷனில் இருக்கிற பையனுக்கு நான் போடச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கதை அப்படி இல்லை. மாதம் 10,000 ஜீப்பிலிருந்துதான் வருகிறது. மகனுக்கு 22 ஆக இன்னும் 17 வருஷம். வருஷத்துக்கு 1,20,000 என்றால் 20,40,000. கடன் 4 லட்சம். இரண்டு பேரின் மேற்படிப்புக்கு ஒரு 5 லட்சம். ஆக, 30 லட்சம் வேண்டும். விலைவாசி ஏறுமே என்பீர்கள். மொத்தமாக வரும் பணம் வங்கியில் இருந்தால் வட்டி வரும். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும் என்று வைத்துத்தான் நேராகப் பெருக்கியிருக்கிறேன்.

இப்போது ஏஜென்ட் சொன்ன 5 லட்சத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். அடுத்த வருஷமே ஒன்று ஆகிவிட்டால் 4 லட்சம் ஜீப் கடனுக்குப் போகும். மிச்சம் ஒரு லட்சம் பத்து மாதத்துக்குத்தான் வரும். ஆரம்ப வருஷங்களில் போனஸும் சொற்பம். 25,000 கட்டியும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது டேர்ம் பாலிசி, அதாவது குறித்த வருஷங்களுக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது. உயிரோடு இருந்தால் பணம் திரும்பாது; அதனாலேயே, புகையிலைப் பழக்கமும் வியாதியும் இல்லாத 34 வயதுக்காரருக்கு, 30 லட்சத்துக்கே அந்த 25,000-ல் ஒரு பகுதிதான் ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வருமானச் சான்று கேட்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வழக்கம் இல்லையென்றால் இந்த வருஷமே ஆரம்பியுங்கள். ஜீப் வருமானத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வங்கியில் போடுங்கள்.

பணம் திரும்பாதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஜீப் இன்சூரன்ஸ் வருஷா வருஷம் கட்டுகிறீர்கள், விபத்து நடக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. அந்த ஜீப் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓனர் டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். லைசென்ஸ் செல்லுபடியாக இருந்து, அந்த வண்டி விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு வரும் தொகை அது. மாரடைப்புக்கு வராது, அதனால் டேர்முக்கு அது மாற்றில்லை.

விண்ணப்பத்தில் சர்க்கரை, புகையிலை, மலைப்பாதையில் வாடகை வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் வேண்டாம்" என்றாலும் எழுதுங்கள். மூன்று வருஷம் தாண்டிய பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. அதற்குள் சாவு நேர்ந்தால் மறைத்ததைத் தோண்டுவார்கள். கைமாற்று, வட்டிக் கடன் இருக்கிறது என்றால், 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பாலிசி வேண்டும் என்று எடுக்கும்போதே கேளுங்கள். அப்போது அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டுமே. உங்கள் கடன்காரர்கள் கை வைக்க முடியாது.

உங்கள் கேள்வியில் மனைவிக்குக் காப்பீடு என்ற பேச்சே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. அவர் கூலி 8,000 நின்றால் வீடு நடக்குமா? அதே மலைப்பாதையில் அதே ஜீப்பில்தானே அவரும் போகிறார்? தினக்கூலிக்கு டேர்ம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் வங்கிக் கணக்கு இருந்தால் போதும், பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம்; 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். சுரக்‌ஷா பீமா என்ற இன்னொரு அரசுத் திட்டத்தில் 20 ரூபாய்க்கு விபத்துச் சாவு என்றால் இன்னொரு 2 லட்சம். இரண்டுக்கும் மே கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். மே மாதம் தோட்டத்தில் வேலை குறைவு, கணக்கு காலியாக இருக்கும், பிடித்தம் தவறிவிடும். நான் பார்த்த பாஸ்புக்குகளில் இப்படி அறுந்தவை நிறைய. 500 ரூபாயைத் தனியாக அதில் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாவு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவு. மலையில் நடந்தால் இறப்புச் சான்றிதழை அந்தக் கேரளப் பஞ்சாயத்தில் வாங்க வேண்டும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கும். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், அப்பா பெயர் இனிஷியலாக ஒன்றில், முழுசாக மற்றொன்றில் என்று வந்தால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். பதிவுக்குப் பெயர் கொடுக்கும்போதே ஆதார் நகலைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நகல் ஜீப்பிலேயே இருக்கட்டும்.

ஏஜென்ட் அடுத்து உங்கள் அப்பா பேரிலும் பிள்ளைகள் பேரிலும் போடச் சொல்வார். அவர்கள் சம்பாத்தியத்தை நம்பி யாரும் இல்லை என்றால் வேண்டாம். அந்தக் காசில் ஜீப் கடனைச் சீக்கிரம் அடையுங்கள்.