நடு இரவில் வெளியே வந்தால் சென்னையில் எங்கே போவது?

அன்புத் தங்கச்சிக்கு,

வவுனியாவிலிருந்து கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து எட்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். கணவர் அடிக்கிறார், பாஸ்போர்ட் மாமியாரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. "பெண்கள் தங்கும் ஹோம் இருக்கிறதாமே, இலங்கைப் பிள்ளையை உள்ளே எடுப்பார்களா, இல்லை பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டிருந்தீர்கள்.

எடுப்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவர் யார் என்று சொல்லும்போது 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொல்கிறது, எந்த நாட்டவள் என்று கேட்கவில்லை. அதன் 6ஆம் பிரிவின்படி, நீங்களோ உங்களுக்காக இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் தங்கும் இல்லத்தின் பொறுப்பாளர் இடம் தந்தாக வேண்டும். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடவும் அதே சட்டம் இடம் தருகிறது. அடிபட்டதைச் சொன்னதற்காக யாரையும் நாடு கடத்துவதில்லை. கவனிக்க வேண்டியது விசாவின் கடைசித் தேதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். 1996இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். 2008இல் ஒரு இரவு ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டின் படியிறங்கினேன். அதனால் நீங்கள் எழுதாமல் விட்டதும் எனக்கு விளங்குகிறது. நம் ஊரில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சீதன வீடு மகளின் பெயரில் இருக்கும். அடிபட்டாலும் கிணற்றடியும் முற்றமும் நம்முடையவை. அடுத்த வளவில் சித்தி இருப்பாள், சத்தம் கேட்டால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். இங்கே மூன்றாவது மாடியில், அவர்களுடைய வீட்டில், அவர்களுடைய சாவிக்குள் இருக்கிறீர்கள். "என் வீட்டை விட்டுப் போ" என்று அவர் சொல்லும்போது, போக வேண்டியதுதானோ என்று நமக்கே தோன்றிவிடுகிறது. அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லாவிட்டாலும் வசிக்கும் உரிமை உண்டு. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடானாலும், அங்கே நீங்கள் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே ஹோமுக்குப் போய்விட்டால் வீட்டின் மேலுள்ள உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் மூன்று வருடத்தை வீணாக்கினேன்.

அந்த இரவு நான் முதலில் போனது ஒரு காவல் நிலையத்துக்கு. என் பேச்சைக் கேட்டதும், அகதி முகாமிலிருந்து வந்தவள் என்று நினைத்து, "முகாமா?" என்றார்கள். கல்யாண விசாவில் வந்தவள் என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு, "கணவன் மனைவி சண்டை, காலையில் சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அங்கே காத்திருந்த இன்னொரு பெண்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

இப்போது அப்படி அலைய வேண்டியதில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகல் முழுவதும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. 'சகி' என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் வழி செய்வார்கள். பொதுவாக ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் நீண்ட நாள் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். சென்னையில் 2001 முதல் இயங்கிவரும் பி.சி.வி.சி. போன்ற தொண்டு அமைப்புகளும் அவசரத் தங்குமிடம் தருகின்றன. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்தோடு கிடக்கும் பெண்களோடு அவர்கள் வேலை செய்வதை நான் மதிக்கிறேன். பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையைச் சேர்ந்தவர். ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சிங்காரவேலர் மாளிகையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். நான் இருந்த இல்லத்தில் ஒரே கூடத்தில் பதினான்கு இரும்புக் கட்டில்கள். ஆளுக்கு ஒரு பக்கெட், அதில் நெயில் பாலிஷால் எழுதிய எண். போனதும் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இல்லம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்றார்கள். சிறை மாதிரி இருக்கிறதே என்று முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் ஒருத்தியின் கணவன் அவளைத் தேடி அடுத்த தெருவரை வந்துவிட்டான். அவள் போனில் அண்ணனுக்கு மட்டும் இடத்தைச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த விதியைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

காலையில் குளியலறைக்கு வரிசை. சமையலுக்கு முறை வைத்துச் செய்வோம். மனநலம் குன்றிய ஒரு பெண்ணும் எங்களோடு இருந்தாள், இரவெல்லாம் பேசுவாள். என் மகள் பயந்து என் முந்தானையை விடவே மாட்டாள். வசதியான இடமென்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவு திறக்கும் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் படுத்தது அங்கேதான். இரண்டு நாள் தூங்கித் தூங்கி எழுந்தேன். மூன்றாம் நாள்தான் என்ன செய்யலாம் என்று யோசிக்கும் புத்தி வந்தது. அடி விழுந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் இருந்துகொண்டு எந்த முடிவையும் எடுக்க முடியாது, தங்கச்சி. அந்த யோசிக்கும் இடைவெளிக்காகத்தான் இந்த இல்லங்கள். உள்ளே போவதாலேயே விவாகரத்து என்று ஆகிவிடாது. திரும்பிப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

"கவுன்சலிங்" என்ற பெயரில் சேர்த்துவைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவரோடு ஒரே அறையில் உட்கார விருப்பமில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

பிள்ளை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பெண் பிள்ளையானால் சிக்கலில்லை. ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, போனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போகும் முன்பு செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் எப்படியாவது படமெடுத்து வவுனியாவில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். கல்யாணச் சான்றிதழையும் நகைகளின் படங்களையும் அப்படியே. அனுப்பியதைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் வேறு கணினியில் திறந்திருக்கிறதா, கூகுள் கணக்கு அவருடைய போனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான். 181க்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுவது நல்லது. போகப்போகிறேன் என்று கோபத்தில்கூட அவரிடம் சொல்லாதீர்கள். மனைவி கிளம்பும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். ஒரு தடவையாவது கழுத்தை நெரித்திருந்தால் பை கட்டும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், கையில் இருப்பதோடு வெளியே வாருங்கள்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், கணவர் அடித்தார் என்றே சொல்லி ஏ.ஆர். காப்பி, அதாவது காயங்களைப் பதியும் மருத்துவமனைப் பதிவேட்டின் நகல், போடச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அதுவே பிறகு எதிராக வந்து நிற்கும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டையும் நகையையும் திருப்பித் தரச் சொல்லி அந்த மனுவிலேயே கேளுங்கள். பாஸ்போர்ட் இலங்கை அரசின் சொத்து, கணவர் பூட்டி வைப்பதற்குரியது அல்ல. கிடைக்கவே இல்லையென்றால் போலீஸ் புகாரின் நகலோடு சென்னையிலுள்ள நமது துணை உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்குப் போகலாம்.

விசா விஷயம்: தேதி முடிவதற்கு முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். வழக்கு நடக்கிறது என்பதற்கான நீதிமன்றத் தாளின் நகல் கையில் இருக்கட்டும். இதை மட்டும் கணவரை நம்பி விட்டுவிடாதீர்கள். தேதி தாண்டிவிட்டால் அதுவே அவர் கையில் ஆயுதமாகிவிடும்.

அம்மா போனில் "பொறுத்துப் போ பிள்ளை" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். நான் ஹோமில் இருப்பதை ஊரில் யாருக்கும் சொல்லாமல் நான்கு மாதம் மறைத்தார். ஐந்தாம் மாதம் வளசரவாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தையல் மெஷின் வாங்கியபோது, பாதிப் பணம் அவர் அனுப்பியதுதான். அம்மாவைக் கோபிக்காதீர்கள், ஆனால் அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

கடைசியாக, பேச்சு. நான் அன்று "அவர் என்னோடு கதைப்பதில்லை, கரைச்சல் தருகிறார்" என்று சொன்னேன். பேசுவதில்லை, தொல்லை தருகிறார் என்பதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னேன். கேட்டவருக்கு அது விளங்கவே இல்லை. நீங்கள் 181இல் பேசும்போது இப்படித் தொடங்குங்கள்: "என் கணவர் என்னை அடிக்கிறார். என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் இலங்கையிலிருந்து விசாவில் வந்தவள், இங்கே எனக்கு யாரும் இல்லை. இன்று இரவு தங்க இடம் வேண்டும்." இதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா