வான்நோக்கு இரவுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வான் ஆய்வகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் இரவுகளில், தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பௌர்ணமியன்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நிலாவைப் பார்க்க அதுதானே நல்ல நாள்?

இல்லை. பௌர்ணமியன்று வெயில் நிலாவின் முகத்தில் நேராக அடிக்கிறது. நிழலே இருக்காது, பள்ளங்கள் எல்லாம் தட்டையாகத் தெரியும், கண்ணும் கூசும். வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் போங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டைப் பாருங்கள். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீளமாக நிழல் போட்டிருக்கும். கோட்டைத் தாண்டி, இருட்டுக்குள் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அது ஒரு மலையுச்சி. அடிவாரத்துக்கு இன்னும் விடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருக்கும். இதைக் காட்டுகிற இரவுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்), கேலக்ஸி (கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம்) பார்க்க ஆசை என்றால் அமாவாசையை ஒட்டிய நாள்தான் சரி.

கேள்வி: ஓரியன் நெபுலாவைப் பார்த்தேன். படங்களில் இருக்கிற சிவப்பும் ஊதாவும் இல்லை, சாம்பல் புகை மாதிரிதான் இருந்தது. தொலைநோக்கி சரியில்லையா?

தொலைநோக்கி நன்றாகத்தான் இருந்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் அறிகிற கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. குச்சி செல்கள்தான் பார்க்கின்றன, அவற்றுக்கு நிறம் தெரியாது. கேமரா பல நிமிடங்கள் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் அந்த நிறங்கள் கிடைக்கின்றன.

அடுத்த முறை இரண்டு காரியம் செய்யுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை போன் திரையைப் பார்க்காதீர்கள். அப்புறம், நெபுலாவை நேராக உற்றுப் பார்க்காமல் அதற்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். குச்சி செல்கள் பார்வையின் நடுமையத்தில் இல்லை, சுற்றியுள்ள பகுதியில்தான் நிறைய இருக்கின்றன. புகைக்குள் இழைகள் பிரிந்து தெரியத் தொடங்கும். அந்த ஒளி சுமார் 1,300 ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. எந்தத் திரையும் குறுக்கே இல்லாமல் அது நேராக உங்கள் கண்ணுக்குள் விழுகிறது.

கேள்வி: ஆறு வயதுக் குழந்தையை அழைத்து வரலாமா? எனக்குக் கண்ணாடியும் உண்டு.

தாராளமாக. குழந்தைகள் பெரும்பாலும் கண் வைக்கிற லென்ஸைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். உடனே குழாய் அசைந்து கிரகம் காணாமல் போய்விடும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூட வராவிட்டால் நீங்களே உள்ளங்கையால் மறைத்துவிடுங்கள். "தெரியுதா?" என்று மட்டும் கேட்டால் எல்லாக் குழந்தையும் தலையாட்டிவிடும். "என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.

உங்களுக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருத்தச் சொல்லலாம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குத் தரும் பவர்) அதிகமாக இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் பார்க்க விடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இன்றைய ஆய்வுத் தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்க்க ஏற்பாடே இருக்காது; கேமராவும், ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கிற நிறமாலைமானியும்தான் பொருத்தியிருப்பார்கள். பொதுமக்களுக்குச் சிறியவற்றைத் தனியாக வைப்பார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் வான் ஆய்வகம் 1935-இல் திறக்கப்பட்டதிலிருந்து 12 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்றில்தான் மக்களுக்கு இலவசமாக வானத்தைக் காட்டி வருகிறது. சனியின் வளையத்துக்கு அதைவிடச் சிறியதே போதும்.

கேள்வி: சனியின் வளையம் வெறும் கோடு மாதிரித் தெரிந்ததே?

2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்புப் பக்கமாகத் திரும்பியது. ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஆகும். வருடம் போகப் போக மறுபடி விரியும். இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: எரிகல் மழைக்கு ஆய்வகம் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. தொலைநோக்கி காட்டுவது வானத்தின் மிகச் சிறிய துண்டு, எரிகல்லோ எங்கும் பாயும். ஊர் விளக்குகளை விட்டு விலகிப் பாய் விரித்துப் படுங்கள். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சியட் எரிகல் மழை, டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் எரிகல் மழை. பெர்சியட் நள்ளிரவுக்கு மேல்தான் சூடுபிடிக்கும்.

கேள்வி: வரிசை நீளமாக இருக்கும்போது அதிக நேரம் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வேண்டாம், அரை நிமிடமாவது பாருங்கள். காற்று அலைந்துகொண்டே இருப்பதால் படம் கலங்கும். இடையில் ஒரு நொடி சட்டென்று தெளியும். வியாழனின் பட்டைகளில் உள்ள நுணுக்கங்கள் அந்த நொடியில்தான் தெரியும். அதுவும் போதவில்லையா, கடைசி அரை மணி நேரத்துக்குக் காத்திருங்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், வரிசை கரைந்திருக்கும். வேண்டியதைக் கேளுங்கள், திருப்பிக் காட்டுவோம்.