ஜூன் மாதத்தில் பூக்களின் பள்ளத்தாக்கு

கேள்வி: உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு ஜூன் இரண்டாம் வாரம் செல்ல எண்ணியிருக்கிறோம். அப்போது பூக்களே இருக்காது, பாதை முழுவதும் பனியாக இருக்கும் என்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

பதில்: படங்களில் காணும் இளஞ்சிவப்புக் கம்பளத்தை எதிர்பார்த்தால், ஜூலை பிற்பகுதிக்கோ ஆகஸ்டுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பிரம்ம கமலமும் மழைக்காலத்தில்தான் மலரும். ஆனால், ஜூனில் பூவே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். பனி உருகிப் பின்வாங்கும் விளிம்பிலேயே, முந்தைய ஆண்டே மொட்டைக் கருக்கொண்டு உறங்கிய பிரிமுலாச் செடிகள், இலை முழுதாக விரிவதற்குள் தண்டை நீட்டி, உருண்டையான ஊதாப் பூங்கொத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. ஓடைக்கரைச் சேற்றில் மஞ்சளாக மின்னுவது சதுப்புச் சாமந்தி. குனிந்து பாருங்கள், இதழ்கள் என்று நாம் நினைப்பவை உண்மையில் பூவின் வெளிச்சுற்றான புல்லிவட்டத்தின் மடல்கள். பனியும் பூவும் ஒரு முழ இடைவெளியில் நிற்கும் இந்தக் காட்சி ஆகஸ்டில் வருபவர்களுக்குக் கிடைக்காது.

பாதையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. பூங்கா ஜூன் 1 அன்று திறக்கப்பட்டாலும், குளிர்காலத்தில் சரிந்து ஓடைப் பள்ளங்களை நிரப்பிய பனி அப்போதும் எஞ்சியிருக்கும். அதன் அடியில் ஓடும் நீர் பனியைக் கீழிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால், மேலே கெட்டியாகத் தெரியும் பனிப்பாலம் உள்ளே வெறும் கூடாக இருக்கக்கூடும். விரிசல் தெரிந்தாலோ, காலடியில் நீரோசை கேட்டாலோ அதில் ஏறாதீர்கள். பணியாளர்கள் வெட்டிவைத்த தடத்தில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடந்து செல்லுங்கள். வெயில் ஏற ஏறப் பனி இளகி ஓடைகளும் பெருகும் என்பதால், பள்ளத்தாக்குக்குச் செல்வோர் தங்கும் ஊரான காங்கரியாவிலிருந்து விடியற்காலையில் புறப்படுவதே நல்லது. உள்ளே இரவு தங்க அனுமதியில்லை, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். தடம் வெட்டப்படாத பனிச்சரிவு குறுக்கிட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். செடிகளைச் சேகரிக்க வந்த தாவரவியலாளர் ஜோன் மார்கரெட் லெக் 1939-இல் இங்கே பாறைச்சரிவில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

கேள்வி: சேறான இடங்களில் பாதையை விட்டு விலகி, ஓரப் புல்லில் நடக்கலாமா?

பதில்: கூடாது. அப்போதுதான் பனி உருகிய மண் ஊறிப்போய் மிகவும் மென்மையாக இருக்கும். ஒரு காலடி அழுந்தினாலே, இன்னும் வெளியே தலைகாட்டாத முளைகள் நசுங்கிவிடும். முதலில் செல்பவர் விலகி நடந்த இடம் மாதக் கடைசியில் இன்னொரு பாதையாகிவிடுகிறது. அங்கே செடிகளுக்குக் கிடைப்பதோ சில மாத வளர்காலம் மட்டுமே. கணுக்கால் வரை மூடும், நீர் புகாத காலணியை அணிந்து சேற்றின் நடுவிலேயே நடந்து செல்லுங்கள்; மாற்றுக் காலுறை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.