ஈஸ்ட்டில் மலேரியா மருந்து: கேட்டவையும் என் பதில்களும்

ஈஸ்ட்டோடு பதினான்கு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தை ஈஸ்ட் வழியாகச் செய்ய விஞ்ஞானி ஜே கீஸ்லிங் பார்த்த வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி வேறு ஏதோ. சரி, பார்ப்போம்.

கேள்வி: கீஸ்லிங் செய்ததை ஒரு வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. நெப்ராஸ்காவில் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, 1992இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். ஆர்ட்டிமிசினின் வருவது நம் மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு சீனச் செடியிலிருந்து. அந்தச் செடி செய்வதை நுண்ணுயிரைச் செய்ய வைக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. 2003இல் ஈஸ்ட்டின் மெவலோனேட் பாதை என்ற வேதிவினைத் தொடரை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் ஏற்றி, செடியின் ஒரு என்சைமையும் சேர்த்து, மருந்தின் அடித்தளமான அமார்ஃபாடையீனை எடுத்தார்கள். 2006இல் ஈஸ்ட்டில் அடுத்த கட்டமான ஆர்ட்டிமிசினிக் அமிலமே வந்தது, லிட்டருக்கு 100 மில்லிகிராம். 2013இல் அது 25 கிராம். அந்த 250 மடங்கு ஒரே மந்திரத்தால் வரவில்லை. வேறு ஈஸ்ட் வகைக்கு மாறினார்கள், அமார்ஃபாடையீனை அமிலமாக்கும் படிக்குச் செடியிலிருந்தே இன்னும் சில என்சைம்களைத் தேடிப் பிடித்தார்கள், ஈஸ்ட் வளரும் தொட்டிக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றி அமிலம் அதில் போய்ச் சேரும்படி செய்தார்கள். பெரும்பகுதி வேலை அமைரிஸ் என்ற கம்பெனியில் நடந்தது, கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில். ஈஸ்ட் தருவது அமிலம் மட்டும்தான், மருந்தாவது அப்புறம் வேதியியலில்.

கேள்வி: ஈ.கோலையிலேயே முடித்திருக்கலாமே?

அந்த அமிலமாக்கும் படிக்கு பி450 என்ற வகை என்சைம் ஒன்று வேண்டும். அது உட்கார இடம் கேட்கும், செல்லுக்குள் இருக்கும் சவ்வு. ஈஸ்ட்டில் உண்டு, பாக்டீரியாவில் அந்த வசதி கிடையாது.

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக் முடித்தால் சம்பளம் எவ்வளவு?

இது நான் பதில் சொல்லும் விஷயம் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரு சேர்மம் லிட்டருக்கு 2 கிராம் வருகிறது. கம்பெனி ஆரம்பிக்கலாமா?

லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு எவ்வளவு வந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்தது? என் முதல் வேலையில் பிளாஸ்க்கில் சக்கைப்போடு போட்ட ஓர் ஈஸ்ட், பெரிய தொட்டியில் ஆக்சிஜன் போதாமல் படுத்துவிட்டது. மூன்று மாதம் போச்சு.

கேள்வி: கடைசியில் அந்த ஆர்ட்டிமிசினின் தோல்விதானே? சானோஃபி ஆலையையே விற்றுவிட்டதே?

இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து, ஒருவர் கோபமாக. மருந்துக் கம்பெனியான சானோஃபி விற்றது உண்மை. ஈஸ்ட் தந்த அமிலத்தை மருந்தாக்க இத்தாலியில் கரேசியோவில் ஓடிய ஆலை, 2013இல் தொடங்கி டன் கணக்கில் செய்தது, 2015இல் ஒரு கிராம்கூடச் செய்யவில்லை, பிறகு பல்கேரியக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. காரணம் ஈஸ்ட் இல்லை, விலை. ஒரு காலத்தில் கிலோ 1,000 டாலரைத் தாண்டிய செடிச் சரக்கு 250 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. சானோஃபியின் சரக்கோ 350க்கு மேல்.

அதே நபர் மறுபடி: அப்படியானால் விவசாயிகள் பிழைத்தார்கள் என்று சொல்லுங்கள்!

அதையும் சுலபமாகச் சொல்ல மாட்டேன். 250க்கு விற்றால் பயிரிடுகிறவருக்கு என்ன மிஞ்சும்? விலை குறைந்தால் அடுத்த வருடம் வேறு பயிருக்குப் போவார்கள், சரக்கு தட்டும், விலை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கத்தான் ஈஸ்ட் வழியை வைத்திருக்க நினைத்தார்கள். செடியை ஒழிப்பது நோக்கம் இல்லை. ஆனால் தேவைப்படும்போது மட்டும் ஓட்டலாம் என்று ஓர் ஆலையைச் சும்மா வைத்திருக்க யார் காசு கொடுப்பார்கள்? அந்தக் கணக்கைத்தான் யாரும் போடவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஆறாவது முறை கேட்க வேண்டாம்.

கேள்வி: வீட்டு வாசல் நித்தியகல்யாணி மருந்தையும் ஈஸ்ட்டில் செய்தார்களாமே?

ஆமாம், 2022இல், கீஸ்லிங் குழுவேதான். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலக்கூறுகளை ஈஸ்ட்டில் செய்து, வேதியியலில் இணைத்தார்கள். 30க்கும் மேற்பட்ட செடி ஜீன்கள். அளவு லிட்டருக்கு மைக்ரோகிராமில்தான். கம்பெனி ஆரம்பிக்கப் போகிறவர் மேலே இருக்கும் பதிலை இன்னொரு முறை படிக்கவும்.

கேள்வி: சார், பி.டெக். முடித்தால் சம்பளம்?

மூன்றாவது பதில்.