பஸ்ஸை விட்டவர்களா?

கேள்வி: அமெரிக்காவில், அயோவா மாநிலத்து ஹேசல்டன் பக்கம் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கரண்ட், கார் எதுவும் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகிறார்களாம். பிள்ளைகள் படிப்பும் எட்டாம் வகுப்போடு சரியாம். காலத்தின் பஸ்ஸை விட்டுவிட்ட இவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இல்லையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பரிதாபம் இருக்கட்டும், பஸ் என்றீர்களே, அதைப் பேசுவோம். நீங்கள் ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்த ஊர்க் கதையில் நிஜமாகவே ஒரு பஸ் வருகிறது.

1914-ல் அதே மாநிலத்துக் கலோனாவிலிருந்து சில குடும்பங்கள் கிளம்பி பியூக்கானன் மாவட்டத்துக்கு வந்தன. எதற்கு? கலோனாவில் இருந்த ஆமிஷ்காரர்கள் ரொம்ப மாடர்னாகிவிட்டார்கள் என்று! அப்படிப்பட்ட பிடிவாதக்காரர்கள் சோளம் போட்டு, மாடு கறந்து, பக்கத்து டவுன்காரர்களோடு பெரிய வம்பு எதுவும் இல்லாமல் ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள். வம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா, பள்ளிக்கூட இணைப்பிலிருந்து. 1960-களில் ஹேசல்டன் பள்ளி நிர்வாகத்தைப் பெரிய ஊரான ஓல்வைனோடு சேர்த்தார்கள். ஆமிஷ்காரர்களோ தங்கள் ஓரறைப் பள்ளிகளைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள். டீச்சர்கள் எல்லாம் எட்டாவது மட்டும் படித்த ஆமிஷ் பெண்கள். சான்றிதழ் இல்லாத டீச்சர் செல்லாது என்றது சட்டம். அப்பாக்களுக்கு அபராதத்துக்கு மேல் அபராதம். அவர்கள் கட்ட மறுத்தார்கள்.

1965 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக அதிகாரிகள் பஸ்ஸோடு வந்தார்கள். ஓடுங்கள் என்று யாரோ ஜெர்மனில் கத்த, அத்தனை குழந்தைகளும் வேலியைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் ஓடின. டி மாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையின் போட்டோகிராபர் அதைப் படம் பிடித்துவிட்டார். போட்டோவுக்கு நிற்பதே தப்பு என்று நினைக்கிற கூட்டத்தை ஒரு போட்டோதான் காப்பாற்றியது. மறுபடி திங்கட்கிழமை வந்தார்கள். இந்தத் தடவை குழந்தைகள் ஓடவில்லை, உட்கார்ந்து ஏசு பாட்டுப் பாடின, அம்மாக்கள் அழுதார்கள், அதிகாரிகள் திரும்பிப் போய்விட்டார்கள். கவர்னர் ஹரோல்ட் ஹியூஸ் குறுக்கே புகுந்து நிறுத்தி வைத்தார். அவர் முன்னாள் லாரி டிரைவர் என்பதை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். எங்கே பிரேக் போடுவது என்று தெரிந்த ஆள். 1967-ல் மாநிலச் சட்டசபை அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது.

நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். வெளியூர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க அலறவிடுகிறார்களே வீடியோ, அதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன். நிறுத்தச் சொன்னால் கண்டக்டர் நம்மை ஆமிஷ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். விழுப்புரம் தாண்டி ஒரு சோளக்காடு தென்பட்டால் இறங்கிவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். "அப்படியென்றால் ரயிலில் போங்கள்" என்று ஒரு வாசகர் விடாமல் கார்டு போடுகிறார். ஐயா, ரயிலில் இப்போது ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு வீடியோ.

சரி, விஷயத்துக்கு வருவோம். படிப்பு விவகாரத்தில் நான் முழுக்க அவர்கள் பக்கம் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸில் பிள்ளைகளை எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று மூன்று ஆமிஷ் அப்பாக்களுக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள். அந்த 5 டாலர் உச்ச நீதிமன்றம் வரை போனது. கோர்ட்டுக்குப் போவது ஆமிஷ் வழக்கமே இல்லை. ஒரு லூத்தரன் பாதிரியார்தான் முன்னின்று ஏற்பாடு செய்தார். 1972-ல் எட்டாம் வகுப்புக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நீதிபதி டக்ளஸ் மட்டும் தனியாக ஒன்று கேட்டார்: அப்பாக்கள் சொல்வதைக் கேட்டோம், பிள்ளைகளைக் கேட்க வேண்டாமா? பியானோ வாசிக்கவோ விண்வெளி வீரராகவோ அந்தப் பிள்ளைக்கு ஆசை இருந்தால்? என் ஓட்டு டக்ளஸுக்கு.

ஆனால் பஸ்ஸை விட்டவர்கள் என்பதை ஏற்க மாட்டேன். 1900 வாக்கில் அமெரிக்காவில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இன்று 4 லட்சம். பிறந்த மண்ணான ஐரோப்பாவில்தான் சுவடில்லாமல் போனார்கள், 1937-ல் அங்கிருந்த கடைசிச் சபையும் மென்னோனைட்டுகள் என்ற உறவுக் கிறிஸ்தவப் பிரிவோடு கலந்துவிட்டது. அப்புறம், ஆமிஷ்காரர்கள் பஸ் ஏறாதவர்களும் இல்லை. சொந்தமாகக் கார் வைத்திருக்கத்தான் தடை, அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்காரலாம். குளிர்காலம் வந்தால் ஒஹாயோ, இந்தியானா பக்கத்து ஆமிஷ் தாத்தா பாட்டிகள் கூட்டம் கூட்டமாக பஸ் பிடித்து புளோரிடாவில் இருக்கும் பைன்கிராஃப்ட்டுக்குப் போகிறார்கள். 1920-களில் செலரிக் கீரை பயிரிடப் போனவர்கள் போட்ட குடியிருப்பு அது. அங்கே குதிரை கிடையாது, பெரியவர்கள் மூன்று சக்கர சைக்கிளில் சுற்றுகிறார்கள், வீட்டில் கரண்ட்கூட உண்டு. இன்ன பஸ் என்று பார்த்து, ஊர் தெரிந்து ஏறுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் போர்டைக்கூடப் பார்ப்பதில்லை, கூட்டம் ஏறுகிறதே என்று ஏறிவிட்டு கண்டக்டரிடம் "இது எங்கே போகுது?" என்கிறோம்.

வீடியோ போடாத பஸ் எந்த ரூட்டிலாவது ஓடினால் எனக்கு எழுதுங்கள், மன்னார்குடிக்கே வந்து மீதியைச் சொல்கிறேன்.